நானோஃப்ளூயிட் தெர்மல் கண்டக்டிவிட்டிய நியூரல் நெட்வொர்க் வச்சு கணிக்கிறது எப்படி: 0.99 வந்ததும் நிறுத்திடாதீங்க

மெக்கானிக்கல், கெமிக்கல் படிக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் ஃபைனல் இயர்லயோ எம்ஈலயோ நானோஃப்ளூயிட், அதாவது நானோமீட்டர் அளவு துகள் கலந்த திரவம், எவ்வளவு நல்லா வெப்பம் கடத்தும்னு (அதான் தெர்மல் கண்டக்டிவிட்டி) கணிக்கிற இந்த டாபிக்க எடுக்குறாங்க, எடுக்குறதுக்கு காரணமும் இருக்கு, லேப்ல பெருசா செலவு இல்ல, பப்ளிஷ் ஆன பேப்பர்ல டேட்டா கிடைக்குது, ஒரு லேப்டாப் போதும். எல்லாரும் போற ரூட்டும் ஒண்ணுதான். பத்து இருபது பேப்பர்ல இருந்து முன்னூறு நானூறு வரி டேட்டா, அத மேட்லேப்ல ஏத்தி, இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல கணக்கு போடுற ஒரே ஒரு ஹிட்டன் லேயர், பத்து நியூரான், ட்ரெயின் பண்ண லெவன்பெர்க் மார்க்வார்ட்ங்குற முறை, ட்ரெயினிங், எப்ப நிறுத்துறதுன்னு பாக்குற வேலிடேஷன், கடைசி டெஸ்ட்னு டேட்டாவ 70-15-15 சதவீதமா அதுவா ரேண்டமா பிரிச்சுக்கும், ரெண்டு நிமிஷத்துல ஆர் ஸ்கொயர் (கணிப்பு எவ்வளவு ஒத்துப்போகுதுங்குற எண், 1னா அச்சு அசல்) 0.99னு வரும், கிராஃப்ல எல்லா புள்ளியும் 45 டிகிரி கோட்டுல வந்து உக்காந்துடும், ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சிடுவோம்.

நானும் அப்படித்தான் பண்ணேன். அப்புறம் நாங்களே அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பவுடர தண்ணியில கலந்து சோனிகேட் பண்ணி (ஒலி அலையால துகள பிரிச்சு கலக்கி) அளந்து பாத்தப்போ, மாடல் சொன்ன உயர்வுக்கும் கருவி காட்டின உயர்வுக்கும் சம்பந்தமே இல்ல. கருவிய சந்தேகப்பட்டோம், சாம்பிள சந்தேகப்பட்டோம், திரும்ப திரும்ப அளந்தோம், கடைசியில தப்பு டேட்டாவ நான் பிரிச்ச விதத்துல இருந்துச்சு. அந்த ஒரு விஷயத்த யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும், அதனாலதான் இத இவ்வளவு விலாவாரியா எழுதுறேன்.

முதல்ல பௌதீகம், கொஞ்சமாச்சும் தெரியாம டேட்டாவுல கை வைக்கக் கூடாது. தண்ணியோட தெர்மல் கண்டக்டிவிட்டி 25 டிகிரியில சுமார் 0.607 வாட் பெர் மீட்டர் கெல்வின், எத்திலீன் கிளைக்கால் 0.25 சுத்துவட்டாரம். அலுமினா முப்பத்தாறு, தாமிரம் நானூறு. அப்ப திரவத்துல திடப்பொருள் துகள்கள கலந்தா வெப்பம் நல்லா கடத்தும்ல, இது மேக்ஸ்வெல் காலத்து யோசனை, 1873லயே அவரு இதுக்கு ஃபார்முலா போட்டுட்டாரு. பிரச்சனை என்னன்னா மைக்ரான் அளவு துகள் அடியில படிஞ்சிடும், பைப்ப அடைச்சிடும். துகள நானோமீட்டர் அளவுக்கு சின்னதாக்கினா மிதந்துட்டே இருக்கும்னு அமெரிக்காவுல ஆர்கான் நேஷனல் லேபரட்டரியில இருந்த ஸ்டீபன் சோய் 1995ல சொன்னாரு, நானோஃப்ளூயிட்ங்குற பேரே அவர் வச்சதுதான்.

மேக்ஸ்வெல் ஃபார்முலாவ ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல ஒட்டி வச்சுக்கங்க, இந்த வேலை முழுக்க அது தேவைப்படும். பீட்டான்னு ஒண்ணு எடுத்துக்கங்க:

பீட்டா = (துகள் கண்டக்டிவிட்டி − திரவ கண்டக்டிவிட்டி) ÷ (துகள் கண்டக்டிவிட்டி + 2 × திரவ கண்டக்டிவிட்டி)

விகிதம் = (1 + 2 × பீட்டா × ஃபை) ÷ (1 − பீட்டா × ஃபை)

ஃபைங்கிறது வால்யூம் ஃப்ராக்‌ஷன், அதாவது 4 சதவீதம்னா 0.04, விகிதம்னா நானோஃப்ளூயிட் கண்டக்டிவிட்டி வகுத்தல் வெறும் திரவத்தோட கண்டக்டிவிட்டி. அலுமினா-தண்ணிக்கு பீட்டா 0.951 வரும். 4 வால்யூம் சதவீதம் போட்டா விகிதம் 1.119, அதாவது சுமார் 12% உயர்வு. 1 சதவீதம் போட்டா 2.9%. ரஃப்பா சொன்னா போட்ட சதவீதத்த மூணால பெருக்கிக்கோங்க, அவ்வளவுதான் மேக்ஸ்வெல்.

அப்ப எதுக்கு நியூரல் நெட்வொர்க், மேக்ஸ்வெல்லே போதுமேன்னு கேட்டா, அங்கதான் இருபது வருஷ சண்டையே இருக்கு. 2001ல ஆர்கான் குரூப்பு பத்து நானோமீட்டருக்கும் சின்ன தாமிரத் துகள எத்திலீன் கிளைக்கால்ல வெறும் 0.3 வால்யூம் சதவீதம் போட்டு 40% உயர்வு வந்துச்சுன்னு சொன்னாங்க, மேக்ஸ்வெல் கணக்குப்படி அங்க 1% கூட வரக்கூடாது. 2003ல நம்ம ஐஐடி மெட்ராஸ் சரித் குமார் தாஸும் ஜெர்மன் கூட்டாளிகளும் அலுமினா-தண்ணிய சூடாக்கி சூடாக்கி அளந்தாங்க, 4 சதவீத சாம்பிள் 21 டிகிரியில 9.4% உயர்வு காட்டுச்சு, அதே சாம்பிள் 51 டிகிரியில 24.3%. மேக்ஸ்வெல் சொல்ற உயர்வு வெப்பநிலைக்கு பெருசா மாறாது, ஆக இது பெரிய ஆச்சரியம், பிரவுனியன் அசைவுதான் (துகள்கள் திரவத்துல தானா அலைஞ்சுட்டே இருக்குறது) காரணம்னு ஒரு கூட்டம், துகள் மேல ஒட்டுற திரவ அடுக்குன்னு ஒரு கூட்டம், துகள்கள் கொத்து கொத்தா சேர்றதுதான்னு இன்னொரு கூட்டம். அப்புறம் 2009ல எம்ஐடியோட புவோன்ஜோர்னோ தலைமையில முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்க ஒரே சாம்பிள பங்கு போட்டு அளந்து பாத்தாங்க, அதுல பெரும்பாலான அளவீடு சராசரியில இருந்து 5 - 10 சதவீதத்துக்குள்ள இருந்துச்சு, அதிசய உயர்வு எதுவும் தெரியல, மேக்ஸ்வெல் வழியில வந்த பழைய தியரியே நல்லா பொருந்துச்சு.

இந்த கதைய ஏன் சொல்றேன்னா, நீங்க சேக்கப்போற எக்செல் ஷீட்டுல இந்த சண்டை மொத்தமும் வரிவரியா உக்காந்திருக்கும். ஒரே துகள், ஒரே சதவீதம், ஒரே வெப்பநிலை, ஆனா ஒரு பேப்பர் 3% சொல்லும், இன்னொண்ணு 12% சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த உங்க இன்புட் எதுவும் விளக்காது, எந்த லேப் அளந்துச்சுங்குற ஒரு விஷயம்தான் விளக்கும். இத மனசுல வச்சுக்கிட்டு டேட்டாவுக்கு வாங்க.

டேட்டா சேக்குறது. டேபிள் இருக்குற பேப்பர முதல்ல எடுங்க, கிராஃப் மட்டும் இருந்தா வெப்-பிளாட்-டிஜிட்டைசர் மாதிரி டூல்ல படத்த ஏத்தி புள்ளி புள்ளியா எடுக்கலாம், ஆக்சிஸ் காலிபிரேட் பண்றப்போ அவசரப்படாதீங்க. ஒவ்வொரு வரிக்கும் கட்டாயம் ரெண்டு காலம் (column) கூடுதலா வைங்க: ஒண்ணு எந்த பேப்பர்ல இருந்து வந்துச்சு, இன்னொண்ணு எந்த ஆய்வகம் அளந்துச்சு. நெட்வொர்க்குக்கு இத இன்புட்டா குடுக்கப் போறதில்ல, ஆனா கடைசியில இந்த காலம்தான் உங்கள காப்பாத்தும். நான் முதல் தடவை இத போடாம விட்டு, அப்புறம் உக்காந்து ஒவ்வொரு வரியும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடி ரெண்டு வாரம் போச்சு.

டூப்ளிகேட்ட தேடுங்க. தாஸ் 2003 மாதிரி பிரபலமான டேட்டா அசல் பேப்பர்லயும் இருக்கும், அத எடுத்து ஒப்பிட்டுப் பாத்த பத்து பேப்பர்லயும் இருக்கும், ரிவ்யூ பேப்பர் டேபிள்லயும் இருக்கும். வேற வேற ஆளுங்க கிராஃப்ல இருந்து எடுத்ததால ஒருத்தர் 1.243ன்னு வச்சிருப்பாரு, இன்னொருத்தர் 1.241ன்னு, எக்செல்ல டூப்ளிகேட் நீக்கு பட்டன அமுக்கினா இது மாட்டாது. துகள், சைஸ், சதவீதம் மூணும் ஒண்ணா இருக்குறத சார்ட் பண்ணி கண்ணால பாருங்க, வேற வழி இல்ல.

அடுத்து வெயிட் சதவீதம், வால்யூம் சதவீதம். இதுல தடுமாறாத ஆள நான் பாத்ததில்ல. சில பேப்பர் சும்மா 4%னு போட்டிருக்கும், செய்முறை பகுதிய படிச்சாதான் அது எடையா கொள்ளளவான்னு தெரியும். அலுமினா அடர்த்தி சுமார் 3970, தண்ணி 997. 4 வெயிட் சதவீதத்த மாத்தினா 1.04 வால்யூம் சதவீதம்தான் வருது, கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு! இத மாத்தாம ஏத்தினா நெட்வொர்க் அந்த வரிகள்ல "4 சதவீதத்துக்கு 3% தான் உயர்வு"ன்னு கத்துக்கும். மாத்துற ஃபார்முலா எளிது, எடை பங்க துகள் அடர்த்தியால வகுத்தா வர்றது ஒண்ணு, மீதி எடைய திரவ அடர்த்தியால வகுத்தா வர்றது இன்னொண்ணு, முதலாவத ரெண்டோட கூட்டுத்தொகையால வகுங்க. வெப்பநிலையையும் பாத்துக்கங்க, பாதி வரி 25, பாதி வரி 298ன்னு கலந்து கிடக்கும்.

துகளோட கண்டக்டிவிட்டிய இன்புட்டா வைக்கிறது எல்லாரும் பண்றது, ஆனா அது என்ன வேலை பாக்குதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல. காப்பர் ஆக்சைடுக்கு ஒரு பேப்பர் 20 போடும், இன்னொண்ணு 70க்கு மேல போடும். 4 வால்யூம் சதவீதத்துக்கு மேக்ஸ்வெல்ல 20 போட்டா 11.4% உயர்வு, 76.5 போட்டா 12.2%. நாலு மடங்கு மாத்தியும் ஒரு சதவீதம் கூட நகரல, ஏன்னா துகள் திரவத்த விட ரொம்ப நல்ல கடத்தியாயிட்டா அதுக்கு மேல எவ்வளவு நல்லதுங்குறது முக்கியமில்ல, தடையெல்லாம் திரவத்துலதான் இருக்கு. ஆனா நெட்வொர்க்குக்கு அந்த 20, 76.5ங்குற எண்கள் பேட்ஜ் மாதிரி ஆயிடும், "ஓ 76.5ஆ, அப்ப இந்த லேப் டேட்டா"ன்னு அடையாளம் கண்டுக்கும். நான் இப்ப அந்த எண்ண நேரடியா குடுக்குறதில்ல, பீட்டாவத்தான் குடுக்குறேன், 20க்கு 0.914, 76.5க்கு 0.977, பௌதீகத்துல எவ்வளவு முக்கியமோ அவ்வளவுதான் எண்லயும் வித்தியாசம் இருக்கு. கூடவே ஒரு பொருளுக்கு ஒரே மதிப்புன்னு எல்லா பேப்பருக்கும் பொதுவா போட்டுடுங்க.

துகள் சைஸ்லயும் இதே கூத்து. பவுடர் கம்பெனி லேபிள்ல போட்ட சைஸ், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்த சைஸ், லைட் ஸ்கேட்டரிங்ல அளந்த சைஸ், மூணும் வேற வேற. லேபிள் 20ன்னு சொன்னாலும் தண்ணியில கொத்தா சேந்து லைட் ஸ்கேட்டரிங்ல 150ன்னு வரலாம். எந்த முறைன்னு தனி காலம் வைங்க, தெரியலன்னா தெரியலன்னு குறிங்க, சராசரிய போட்டு நிரப்பாதீங்க. சோனிகேஷன் நேரம், சர்ஃபாக்டன்ட் (துகள் ஒட்டிக்காம இருக்க சேக்குற சோப்பு மாதிரி பொருள்), பிஹெச், ஜீட்டா பொட்டன்ஷியல் (துகள்கள் ஒண்ண ஒண்ணு எவ்வளவு தள்ளுதுன்னு காட்டுற மின் அளவு) இதெல்லாமும் முக்கியம்தான், பாதி பேப்பர்ல இருக்காது.

கொத்து சேர்றது எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம் சொல்றேன். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல ஜான் ஃபிலிப் குழு காந்தத் தன்மை உள்ள மேக்னடைட் நானோஃப்ளூயிட்ல, வெப்பம் போற திசையிலயே காந்தப்புலம் குடுத்து அளந்தாங்க, 2007ல வந்த வேலை, துகள்கள் சங்கிலி மாதிரி வரிசையா நின்னதும் உயர்வு 300% வரைக்கும் போச்சு. அதே துகள், அதே அளவு, அடுக்குமுறை மட்டும்தான் மாறுச்சு! உங்க ஷீட்டுல சதவீதம், சைஸ், வெப்பநிலைன்னு நாலு காலம் இருக்கு, துகள்கள் எப்படி நிக்குதுங்குற காலம் இல்ல. இல்லாத தகவல எந்த நெட்வொர்க்கும் கண்டுபிடிச்சு குடுக்காது, இத ஏத்துக்கிட்டாதான் மேல சொல்லப்போறது புரியும். காந்தப்புலம் குடுத்த டேட்டா, கார்பன் நானோட்யூப் டேட்டா ரெண்டையும் இந்த ஷீட்டுல கலக்காதீங்க. நானோட்யூப் உருண்டை கிடையாது, நீளத்துக்கும் குறுக்களவுக்கும் உள்ள விகிதம்தான் அங்க எல்லாம், மேக்ஸ்வெல்லும் பொருந்தாது, தனி மாடல் போடுங்க.

இப்ப அவுட்புட்டா எத வைக்கிறது? நேரா கண்டக்டிவிட்டிய வச்சீங்கன்னா ஆர் ஸ்கொயர் தானா ஏறிடும். தண்ணி 0.6, கிளைக்கால் 0.25, இன்ஜின் ஆயில் 0.15க்கு பக்கம், "இது தண்ணியா ஆயிலா"ன்னு மட்டும் தெரிஞ்சா போதும், துகளப் பத்தி ஒண்ணுமே தெரியாத மாடல் கூட 0.95க்கு மேல வாங்கிடும். தண்ணி மட்டும்னாலும் 20ல இருந்து 60 டிகிரிக்கு தண்ணியோட கண்டக்டிவிட்டியே 0.60ல இருந்து 0.65க்கு ஏறுது, அந்த ஏத்தத்துக்கும் உங்க மாடல் பேர் வாங்கிக்கும். அதனால விகிதத்த வைங்க, அதுவும் அதே வெப்பநிலையில இருக்குற திரவத்தால வகுத்த விகிதம். சில பேப்பர் 25 டிகிரி தண்ணியால எல்லாத்தையும் வகுத்திருக்கும், அத கவனிச்சு திருத்தணும்.

சரி, இப்ப முக்கியமான இடம், பிரிக்கிறது. ஒரு பேப்பர்ல ஒரு கோடு இருக்கு, 1 சதவீதம் அலுமினா, 20, 25, 30, 35, 40 டிகிரின்னு அஞ்சு புள்ளி. ரேண்டமா பிரிச்சா 20, 25, 35, 40 ட்ரெயினிங்குக்கு போகும், 30 டெஸ்டுக்கு வரும். நெட்வொர்க் என்ன பண்ணும், 25க்கும் 35க்கும் நடுவுல ஒரு புள்ளி வைக்கும், சரியா இருக்கும். இது கொஸ்டின் பேப்பர் அவுட் ஆன பரீட்சை. நானோஃப்ளூயிட்ட பத்தி அது எதுவும் கத்துக்கல, அந்த லேப்போட கோட்டுல ஓட்டைய அடைச்சிருக்கு, அவ்வளவுதான். நாளைக்கு நீங்க புதுசா ஒரு சாம்பிள் செஞ்சா அந்த கோட்டுல நாலு புள்ளி முன்கூட்டியே இருக்காதே!

ஆகவே பேப்பர் வாரியா பிரிங்க. ஒரு பேப்பரோட எல்லா வரியும் ஒண்ணா ட்ரெயினிங்ல இருக்கணும், இல்ல ஒண்ணா டெஸ்ட்ல இருக்கணும். பைதான்ல சைகிட்-லேர்ன்ங்குற லைப்ரரியில குரூப்-கே-ஃபோல்ட்னே ஒரு வசதி இருக்கு, குரூப்புங்குற இடத்துல அந்த பேப்பர் காலத்த குடுத்தா அதுவே பாத்துக்கும். ஒரே ஆய்வகம் மூணு பேப்பர் போட்டிருந்தா ஆய்வக காலத்த குடுங்க, அதுதான் இன்னும் நேர்மை. பேப்பர் எண்ணிக்கை இருபதுக்கு கம்மின்னா ஒரு தடவைக்கு ஒரு பேப்பர வெளியே வச்சு மீதிய ட்ரெயின் பண்ணுங்க, எல்லா பேப்பருக்கும் இப்படி சுத்துங்க. ஆர் ஸ்கொயர் எண் விழும், நல்லாவே விழும், எனக்கும் விழுந்துச்சு, பாத்தப்போ வயிறு கலங்குச்சு. ஆனா லேப்ல நான் அளந்ததோட ஒத்துப்போனது அந்த விழுந்த எண்தான்.

ஸ்கேலிங் பண்றப்போ (எல்லா இன்புட்டையும் ஒரே மாதிரி அளவுக்கு கொண்டு வர்றப்போ) சராசரி, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ரெண்டையும் ட்ரெயினிங் வரிகள்ல இருந்து மட்டும் எடுங்க, மொத்த ஷீட்டுக்கும் முதல்லயே ஸ்கேல் பண்ணிட்டு அப்புறம் பிரிக்காதீங்க. எர்லி ஸ்டாப்பிங்குக்கு (மனப்பாடம் ஆகுறதுக்கு முன்னாடியே ட்ரெயினிங்க நிறுத்துறதுக்கு) வைக்கிற வேலிடேஷனும் பேப்பர் வாரியாத்தான் இருக்கணும், இங்க நிறைய பேர் கோட்டை விடுறாங்க, டெஸ்ட்ட ஒழுங்கா பிரிச்சிட்டு வேலிடேஷன ரேண்டமா விட்டுடுவாங்க, அப்ப நெட்வொர்க் நிறுத்த வேண்டிய இடத்துல நிக்காம லேப் லேப்பா மனப்பாடம் பண்ணிட்டே போகும்.

நெட்வொர்க்க தொடுறதுக்கு முன்னாடி ஒரு அரை நாள் ஒதுக்கி, அதோட ஒப்பிட்டுப் பாக்க எதிராளிங்கள நிறுத்துங்க. முதல் ஆள், "எல்லாத்துக்கும் விகிதம் 1"னு சொல்றது. ரெண்டாவது மேக்ஸ்வெல். மூணாவது சாதா லீனியர் ரிக்ரஷன். நாலாவது ரேண்டம் ஃபாரஸ்ட் (நிறைய முடிவு மரங்களோட சராசரி), அஞ்சாவது காசியன் ப்ராசஸ் (கணிப்போட சேத்து அத எவ்வளவு நம்பலாம்னும் சொல்ற முறை). இந்த அஞ்சையும் அதே பேப்பர் வாரி பிரிப்புல ஓட்டி எழுதி வைங்க. சில சமயம் மேக்ஸ்வெல்ல ஜெயிக்கவே முடியாது, அப்படி வந்தா அதையே ரிப்போர்ட்ல எழுதுங்க, 2009ல முப்பது ஆய்வகம் சேந்து கண்டதோட அது ஒத்துப்போற ரிசல்ட்தானே, அதுல வெக்கப்பட எதுவும் இல்ல.

இனி நெட்வொர்க். இன்புட் அஞ்சு போதும்: வால்யூம் சதவீதம், வெப்பநிலை, துகள் சைஸ், பீட்டா, திரவத்தோட கண்டக்டிவிட்டி. சைஸுக்கு லாக் எடுத்து குடுங்க, 10க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் 110க்கும் 120க்கும் உள்ளத விட பெருசு. ஒரு ஹிட்டன் லேயர், 6ல இருந்து 10 நியூரான், டேன்-ஹெச் ஆக்டிவேஷன். பத்து நியூரானுக்கு மொத்தம் 71 எடைகள் (நெட்வொர்க் கத்துக்க வேண்டிய எண்கள்) வரும். 64, 64ன்னு ரெண்டு லேயர் போட்டா 4609 வரும், உங்க கிட்ட இருக்குறதே 400 வரி, அதுவும் இருபது பேப்பர்ல இருந்து, உண்மையில தனித்தனி தகவல்னு பாத்தா இன்னும் கம்மி. பெரிய நெட்வொர்க்னா பெரிய அறிவுன்னு நினைச்சு போட்டுடாதீங்க, இந்த டேட்டாவுக்கு சின்னதே ஜாஸ்தி. டேன்-ஹெச்சுக்கு பதிலா ரெலுங்குற இன்னொரு ஆக்டிவேஷன போட்டா வளைவு முறிஞ்சு முறிஞ்சு வரும், கண்டக்டிவிட்டி அப்படி முறியாது, அதான் டேன்-ஹெச்.

இதுக்கு மேல ஒரு வேலை இருக்கு, எனக்கு ரொம்ப பலன் குடுத்தது. நெட்வொர்க்க நேரடியா விகிதத்த கணிக்க சொல்லாம, மேக்ஸ்வெல்லுக்கு மேல எவ்வளவு திருத்தம்னு மட்டும் கணிக்க சொல்லுங்க. அதாவது கடைசி விடை = மேக்ஸ்வெல் விகிதம் × எக்ஸ்பொனென்ஷியல் (ஃபை × நெட்வொர்க் சொல்றது). அந்த ஃபையால பெருக்குறது சும்மா அழகுக்கு இல்ல, துகளே இல்லன்னா ஃபை பூஜ்ஜியம், திருத்தமும் பூஜ்ஜியம், விகிதம் கரெக்டா 1. வெறும் தண்ணிக்கு 1.04ன்னு சொல்ற எத்தனையோ மாடல் இருக்கு, இப்படி கட்டினா அந்த தப்பு நடக்கவே வழி இல்ல. டேட்டா இல்லாத இடத்துக்கு போனாலும் நெட்வொர்க் தன்னிஷ்டத்துக்கு பறக்காது, மேக்ஸ்வெல் பக்கத்துலயே சுத்திட்டு இருக்கும். ஒரு எச்சரிக்கை: டேட்டாவ ஃபையால வகுத்து அத டார்கெட்டா வைக்காதீங்க, 0.1 சதவீத வரிகள்ல சின்ன அளவீட்டுப் பிழை கூட பூதாகாரமா ஆயிடும். நெட்வொர்க் அவுட்புட்ட ஃபையால பெருக்கி, முழு விகிதமா ஆக்கின பிறகு அளந்த விகிதத்தோட ஒப்பிட்டு லாஸ் (ட்ரெயினிங்ல குறைக்க வேண்டிய பிழை) போடுங்க. இது சைகிட்-லேர்ன்ல இருக்குற ரெடிமேட் நியூரல் நெட்வொர்க்கான எம்எல்பியில முடியாது, பைடார்ச்சோ கேராஸோ வேணும், பத்து பதினஞ்சு வரி கோட்தான். கோடிங் அவ்வளவா வராதுன்னா விகிதத்தையே டார்கெட்டா வச்சு, ஒவ்வொரு துகளுக்கும் ஃபை பூஜ்ஜியம், விகிதம் 1னு கொஞ்சம் வரிய சேத்து விடுங்க, பாதி பலனாச்சும் கிடைக்கும்.

ட்ரெயினிங்ல பெருசா ரகசியம் இல்ல. ஆடம் ஆப்டிமைசர், லேர்னிங் ரேட் 0.001ல ஆரம்பிங்க, கொஞ்சம் வெயிட் டீகே (எடைகள் பெருசாகாம இழுத்துப் பிடிக்கிறது) போடுங்க, மொத்த டேட்டாவையும் ஒரே பேட்ச்சா குடுங்க, வேலிடேஷன் ஏற ஆரம்பிச்சதும் நிறுத்துங்க. ஆனா ஒரு தடவை ஓட்டி நல்லா வந்தத மட்டும் எடுத்து வைக்காதீங்க. இருபது தடவை வேற வேற சீட் (ரேண்டம் ஆரம்ப எண்) வச்சு ஓட்டி, இருபது நெட்வொர்க் சொல்றதுக்கும் சராசரி எடுங்க. இருபதும் ஒண்ணா சொன்னா அங்க நம்பலாம், ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா அந்த இடத்துல டேட்டா இல்லன்னு அர்த்தம். உங்க ஷீட்டுல ஒரு பேப்பருக்கு 60 புள்ளி, இன்னொண்ணுக்கு 5 புள்ளின்னு இருக்கும், அப்படியே விட்டா 60 புள்ளி லேப் சொல்றதே சட்டம் ஆயிடும், ஒவ்வொரு பேப்பருக்கும் மொத்த வெயிட் சமமா வர்ற மாதிரி லாஸ்ல வெயிட் குடுங்க.

எரர் எப்படி சொல்றதுன்னும் பாத்துடலாம், இங்கயும் ஏமாற நிறைய வாய்ப்பு. "சராசரி பிழை 3 சதவீதம்தான்"னு சொன்னா கேக்க நல்லாருக்கும். 1 சதவீத அலுமினாவுக்கு மேக்ஸ்வெல் உயர்வே 2.9%, அப்ப "இது வெறும் தண்ணி"ன்னு சொல்ற மாடலுக்கும் பிழை 3 சதவீதம்தான்! உயர்வுல எவ்வளவு பிழைன்னு சொல்லுங்க, விகிதத்துல இருந்து 1ஐ கழிச்சிட்டு மீதியில கணக்கு பாருங்க. கூடவே முன்னாடி நிறுத்தின அஞ்சு எதிராளியோட எண்ணையும் அதே டேபிள்ல பக்கத்துல போடுங்க, ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியா பிழைய போடுங்க, எந்த பேப்பர்ல மாடல் தடுக்கி விழுதுன்னு பாத்தாலே பௌதீகம் பாதி புரிஞ்சிடும், பெரும்பாலும் அங்க சர்ஃபாக்டன்டோ கொத்தோ ஏதோ ஒண்ணு நடந்திருக்கும்.

கருவியோட எல்லையையும் மறக்காதீங்க. நிறைய லேப்ல இருக்குற கேடி2 ப்ரோ கருவியில, திரவத்துக்கு போடுற 60 மில்லிமீட்டர் நீள ஊசிக்கு கம்பெனியே சொல்ற துல்லியம் பிளஸ் ஆர் மைனஸ் 5%. அதோட தண்ணி மாதிரி இளக்கமான திரவத்த 50, 60 டிகிரிக்கு கொண்டு போனா ஊசிய சுத்தி திரவமே ஓட ஆரம்பிச்சிடும், அந்த கன்வெக்‌ஷன் வெப்பத்த எடுத்துட்டுப் போறதால கண்டக்டிவிட்டி ஜாஸ்தியா தெரியும். சூட்டுல உயர்வு எகிறுதுன்னு சொல்ற டேட்டாவுல இதுக்கும் ஒரு பங்கு இருக்க வாய்ப்பு உண்டு, எப்படி அளந்தாங்கன்னு படிச்சிட்டு சேருங்க. வேற வேற லேப்ல, இந்த அளவு துல்லியமுள்ள கருவிகள்ல எடுத்த டேட்டாவுல உங்க டெஸ்ட் பிழை அரை சதவீதம்னு வந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, எங்கயோ லீக் இருக்கு (டெஸ்ட் தகவல் ட்ரெயினிங்குக்குள்ள கசிஞ்சிருக்கு), டூப்ளிகேட்டயும் பிரிப்பையும் திரும்ப போய் பாருங்க.

மாடல் ரெடின்னு தோணினதும் கோடு வரைஞ்சு பாருங்க. வெப்பநிலை, சைஸ் ரெண்டையும் நிறுத்தி வச்சிட்டு சதவீதத்த 0ல இருந்து 5 வரைக்கும் நகர்த்துங்க, கோடு 1ல ஆரம்பிச்சு சீரா ஏறணும், நடுவுல இறங்கி ஏறினா ஓவர்ஃபிட், அதாவது டேட்டாவ மனப்பாடம் பண்ணியிருக்கு. அப்புறம் சைஸ 10ல இருந்து 150 வரைக்கும், அப்புறம் வெப்பநிலைய 20ல இருந்து 60 வரைக்கும். அந்த கோட்டு மேலயே அசல் டேட்டா புள்ளிகள பேப்பருக்கு ஒரு கலர்னு போடுங்க. ஒரே கலர் புள்ளிகள மட்டும் துரத்திட்டு கோடு வளைஞ்சு போகுதுன்னா நெட்வொர்க் இன்னும் லேப்பத்தான் படிக்குது, நியூரான குறைங்க, வெயிட் டீகேவ ஏத்துங்க.

முடிஞ்சா ஒரே ஒரு சாம்பிளாச்சும் நீங்களே செஞ்சு அளங்க, காலேஜ்ல கருவி இல்லன்னா பக்கத்துல இருக்குற பெரிய லேப்ல கேட்டுப் பாருங்க. முக்கியமா, மாடல் சொல்ற எண்ண அளக்குறதுக்கு முன்னாடியே தேதி போட்டு எழுதி வச்சிடுங்க, அளந்து முடிச்சிட்டு மாடல திருத்திக்கிட்டே இருந்தா அது கணிப்பு கிடையாது. அளக்கும்போது முதல்ல வெறும் தண்ணிய அளந்து 25 டிகிரியில 0.607 பக்கம் வருதான்னு பாத்துட்டு அப்புறம் நானோஃப்ளூயிட்டுக்கு போங்க.

கடைசியா சேவ் பண்றப்போ இருபது நெட்வொர்க்கையும், ஸ்கேலரையும், ஒவ்வொரு இன்புட்டோட குறைஞ்சபட்ச அதிகபட்ச மதிப்பையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க. யாராவது வந்து 80 டிகிரியில 7 சதவீத டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) எவ்வளவுன்னு கேட்டா, கோட் முதல்ல அந்த எல்லைய பாக்கணும், வெளிய இருந்தா மேக்ஸ்வெல் மதிப்பையும், இருபது நெட்வொர்க்கோட பரவலையும், "டேட்டாவுக்கு வெளியே"ங்குற வார்த்தையையும் சேத்து காட்டணும். இந்த செக்குக்கு மூணு வரி கோட் போதும், நான் இப்ப அத மாடல் எழுதுறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிடுறேன்.